முப்பது வருட ஜீப்பும் ஒன்பது நாள் வயரிங்கும்

போன ஆடியில் ஒரு சாயங்காலம். காலையில் பிடித்த மழை மூன்று மணிக்குத்தான் விட்டது. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு முடிய நேரமாகிவிட்டதால், கேரளப் பக்கத்துப் பூப்பாறையில் இருந்து ஜீப்பைக் கிளப்பும்போதே இருட்டிவிட்டது. பின்னால் ஐந்து பெண்கள். எல்லோருக்கும் வீடு கீழே போடிப் பக்கம். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, கொச்சி–தனுஷ்கோடி சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவதை நெருங்கும்போது இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்தன.

பனிமூட்டத்தில் இடது பக்கம் இருப்பது பாறையா பள்ளமா என்றுகூடத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து அப்படியே நிறுத்தினேன். கீழே இருந்து ஒரு லோடு லாரி முனகிக்கொண்டு ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே, பின்னால் இருந்தவர்களில் மூத்த அக்கா இறங்கி, செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு வளைவில் போய் நின்றுவிட்டார். லாரிக்காரர் பார்த்து ஒதுங்கிப் போனார். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

டூல் பெட்டியில் கிடந்த ஒரு துண்டு வயரை பேட்டரியில் இருந்து நேராக இடது லைட்டுக்கு இழுத்துக் கட்டினேன். அந்த ஒற்றைக் கண்ணோடு மீதி வளைவுகளை இறங்கினோம். ஐந்து பேரையும் அவரவர் தெருவில் இறக்கிவிட்ட பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்த அக்காவுக்குப் பேத்தி பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ராத்திரியே எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணனுக்குப் போன் போட்டேன். போடியில் முப்பது வருடமாக லாரி, ஜீப், டிராக்டர் வயரிங் பார்ப்பவர். கதையை முழுதும் கேட்டுவிட்டு, “தீப்பிடிக்கலைல? பேட்டரி எர்த்தைக் கழட்டி வச்சிருங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வாரேன், அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க” என்றார்.

ஜீப் 1993 மாடல் மஹிந்திரா எம்எம்540. 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். அப்பா இதை இரண்டாம் கையாக வாங்கும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். புது வண்டி வாங்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் பாதையைப் பார்த்தவர்கள் கேட்பதில்லை. மழைக்காலத்தில் செம்மண் சேறு, உருளைக்கல், இரண்டு ஓடை. லோ கியர் போட்டு ஊர்ந்து ஏறுவதற்கு இந்த வண்டிதான் சரி. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர்களும் ஜீப்பைத்தான் நம்புகிறார்கள். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் போகும் பாதையோ கேரளத்துக்குள். எங்கள் எல்லைப் பக்கத்து வாழ்க்கையே அப்படித்தான். விடியலைப் பார்க்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டுநர்கள் இருட்டோடு கிளம்புகிறார்கள். அவர்கள் வண்டிகளிலும் பாதிக்கு மேல் எங்கள் வண்டி வயசுதான்.

எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம், பட்டைக்கு புஷ் மாற்றுகிறோம், பிரேக்குக்கு லைனிங் மாற்றுகிறோம். வயரிங்கை மட்டும் எரிந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுவதோடு விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் டேஷ்போர்டைக் கழற்றினார். லைட் சுவிட்சின் பின்பக்கக் கனெக்டர் உருகி, பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியாகக் கிடந்தது. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டெஸ்ட் லேம்ப்பையும் கீழே வைத்துவிட்டு, வயர்க்கட்டை ஒரு இடத்தில் பிடித்து மெதுவாக வளைத்தார். மேலுறை அப்பளம்போல நொறுங்கியது. “இதுல இனி ஒட்டுப்போட முடியாது தம்பி. முழுசா இறக்கிருவோம்.”

வயரின் மேலுறை பிவிசி. பிவிசி தன்னளவில் கடினமான பொருள். வளைந்து கொடுக்கட்டும் என்று அதில் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருளைக் கலந்து செய்கிறார்கள். எஞ்சின் சூடு பட்டுப் பட்டு அந்தப் பொருள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. மேலுறை இறுகி வெடிப்பது அதனால்தான். அதிகச் சூடு ஏறினால் பிவிசி அமில ஆவியையும் விடும். அது உள்ளே இருக்கும் செம்பை அரிக்கும். அப்புறம் எங்கள் மழை. வெடிப்பு வழியாக நுழைந்த ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செம்பு இழைகளுக்கு நடுவே உறிஞ்சிக்கொண்டே உள்ளே போகிறது. வயரின் முனையை வெட்டினால் பளபளப்பாக இருக்க வேண்டிய இழைகள் கறுத்திருக்கும், சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். எங்கள் பின் லைட்டு வயரை ஒவ்வொரு சாணாக வெட்டிக்கொண்டே போனோம். ஒன்றரை அடி தாண்டியும் கறுப்புதான்.

அன்றைக்கு முழுதும் கழற்றும் வேலை. பேட்டரியில் முதலில் எர்த் (நெகட்டிவ்) பக்கத்தைத்தான் கழற்ற வேண்டும். பாசிட்டிவ்வில் முதலில் ஸ்பேனரைப் போட்டு அது பாடியில் தட்டினால் அந்த இடத்திலேயே வெல்டிங். பிறகு ஒவ்வொரு முனையையும் பிடுங்கும் முன் மாஸ்கிங் டேப் சுற்றி எண் எழுதினோம். எண், எங்கிருந்து, எங்கே, என்ன நிறம் என்று பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் என் தங்கை எழுதினாள். செல்போனில் படமும் எடுத்தேன், ஆனால் கடைசிவரை உதவியது தங்கையின் தாள்தான். படத்தில் எல்லா வயரும் ஒரே மண் நிறம்.

கட்டு முழுதையும் வெட்டாமல் ஒன்றாக வெளியே எடுத்து, ஏலக்காய் ஸ்டோர் வாசலில் தார்ப்பாயை விரித்து, வண்டியில் இருந்த அதே வடிவத்தில் பரப்பினோம். முன்னால் இரண்டு லைட்டு, நடுவில் டேஷ்போர்டு, சேஸிஸ் (அடிச்சட்டம்) ஓரமாக நீண்டு போகும் வால், பின்னால் இரண்டு கிளை. டேப்பைப் பிரிக்கப் பிரிக்க எனக்கு மனசு கனத்துப்போனது. முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் மட்டும் 23. பின் லைட்டுக்கு ஸ்பீக்கர் வயர். ஹாரனுக்கு வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக்கம்பி வயர். அந்தக் கம்பியை வண்டியில் போடவே கூடாது. சுவருக்குள் ஆடாமல் இருக்கும்வரை அது நல்ல வயர்தான். வண்டி அதிர்வில் அது மெல்ல இறுகி ஒருநாள் முறிந்துபோகும். மேலுறை முழுசாக இருப்பதால் முறிந்தது வெளியே தெரியவும் தெரியாது. பல இழை சேர்ந்த வயரைத்தான் வண்டிக்குப் போட வேண்டும்.

எரிந்த காரணமும் தார்ப்பாயில் தெரிந்தது. எஞ்சின் அறையில் இருந்து டேஷ்போர்டுக்கு வயர் நுழையும் தகட்டு ஓட்டையில், விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் இல்லை. எப்போதோ யாரோ கூடுதல் வயர் நுழைக்க அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். தகட்டு விளிம்பு வருடக்கணக்கில் ராவி ராவி மேலுறையைத் தின்றிருக்கிறது. அதே இடத்தில், சில வருடம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பனி லைட்டு மாட்டியபோது, அதற்கான கரண்டையும் ஹெட்லைட் சுவிட்சில் இருந்தே எடுத்திருந்தார்கள். ஃப்யூஸ் கிடையாது. நான்தான் காசு கொடுத்து அந்த வேலையைச் செய்யச் சொன்னேன். அன்றைக்கு ஃப்யூஸ் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ரெடிமேட் வயரிங் செட் கடையில் கிடைக்கிறது. வண்டி கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தால் அதை வாங்கிப் போடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். வேலை இரண்டு நாளில் முடியும். வாங்கும்போது ஒரு முனையைச் சீவிப் பார்த்து, உள்ளே இருப்பது செம்புதானா, செம்பு பூசிய அலுமினியமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்தால் அலுமினியம். எங்கள் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் மாறியிருந்தது, பனி லைட்டு இருந்தது, பின்னால் ஏறுகிறவர்களுக்கு ஒரு படி விளக்கு வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருந்தது. அதனால் கையால் கட்ட முடிவு செய்தோம்.

வயர் பருமன் கணக்கில்தான் ஒரு முழு ராத்திரி போனது. அண்ணனுக்கு அது கைப்பழக்கம். எனக்குக் கணக்காகத் தெரிய வேண்டியிருந்தது. ஹெட்லைட் பல்பு 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லி ஓம். 1.5 ஸ்கொயர் என்றால் 12-க்குக் கொஞ்சம் கீழே. பழைய வண்டியில் பேட்டரியில் இருந்து சுவிட்ச் போய், ஹை-டிம் மாற்றும் டிப்பர் சுவிட்ச் போய், லைட்டு வரும்வரை சுமார் நான்கு மீட்டர். வயரில் மட்டும் இழப்பு அரை வோல்ட்டுக்குள்தான் வர வேண்டும்.

ஆனால் கழற்றுவதற்கு முன்னால், அந்த உருகிய கனெக்டரைச் சுரண்டித் தற்காலிகமாக இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்தபோது, பேட்டரியில் 13.8 வோல்ட், லைட்டு முனையில் 11.1. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வோல்ட் வழியில் காணாமல் போகிறது. வயர் தின்றது அரை வோல்ட் என்றால் மீதி எங்கே? சுவிட்சின் தேய்ந்த கான்டாக்ட்டில் கொஞ்சம், முறுக்கிய ஒட்டுகளில் கொஞ்சம், லைட்டின் துருப்பிடித்த எர்த்தில் நிறைய. ஒரு ஒட்டில் ஒரு வோல்ட் இழந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 10 வாட் சூடு உண்டாகிறது. பெட்டிக்குள் மூடிய இடத்தில் ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் செருகிவைத்தது போல.

வெளிச்சம் இதைவிட மோசமாக அடிபடுகிறது. ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை. வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கில் குறைகிறது. 13.5 கிடைக்க வேண்டிய இடத்தில் 11.1 கிடைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிதான். வருடக்கணக்காக நான் பாதி வெளிச்சத்தில் மலை இறங்கியிருக்கிறேன். ‘பழைய ஜீப்பு லைட்டு இவ்வளவுதான்’ என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பல்பை மாற்றினேன், அதிக வாட் பல்பு போட்டேன். அதிக வாட் என்றால் அதிக கரண்ட், அதே ஒட்டில் இன்னும் அதிகச் சூடு.

அதனால் ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு. பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக 2.5 ஸ்கொயர் வயர் ரிலேயின் 30-க்கு வரும், 87-இல் இருந்து நேராக லைட்டுக்குப் போகும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு. டேஷ்போர்டு சுவிட்ச் அந்தக் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். அது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பத்து ஆம்பியர் சுமந்து உருகிய சுவிட்சுக்கு இனி வேலையே இல்லை. முப்பது வருடப் பழைய சுவிட்சையே சுத்தம் செய்து திரும்பப் போட்டோம்.

ஃப்யூஸ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் எந்த வயரின் தொடக்கத்தில் அது இருக்கிறது, அந்த வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் போட வேண்டும், மாட்டப்போகும் பொருளைப் பார்த்து இல்லை. பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ். அதற்கப்புறம் இடது ஹை, வலது ஹை, இடது டிம், வலது டிம் என்று ஹெட்லைட்டுக்கு மட்டும் நான்கு ஃப்யூஸ், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர். அண்ணன் சிரித்தார். “ஒரு லைட்டுக்கு நாலு ஃப்யூஸா? நான் லாரிக்கே ரெண்டுதான் போடுவேன்.” நான் நான்காவது வளைவைச் சொன்னேன். ஒரு ஃப்யூஸ் போனால் ஒரு கண்தான் அணைய வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டார்.

ஆல்டர்நேட்டருக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் 10 ஸ்கொயர். ஆல்டர்நேட்டரை முன்பு 55 ஆம்பியராக மாற்றியபோது சார்ஜிங் வயரை மட்டும் பழசாகவே விட்டிருந்தார்கள். பெரிய பம்பு வாங்கி அரை இஞ்சு பைப்பில் மாட்டியது போலத்தான். இந்த பெஜோ எஞ்சினுக்கு மலைக் குளிரில் காலையில் ஹீட்டர் பிளக் சூடேறாமல் ஸ்டார்ட் ஆகாது. நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ். பார்க் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் 1 ஸ்கொயர் தாராளம்.

வயர் நிறங்களுக்கு பிரிட்டிஷ் லூகாஸ் கம்பெனியின் முறையைப் பின்பற்றினோம். அண்ணன் தொழில் கற்ற காலத்திலேயே அவர் மனசில் பதிந்த முறை அது. பழுப்பு என்றால் பேட்டரியில் இருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன். பச்சை, இக்னிஷன் போட்டபிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. ஊதா, எப்போதும் கரண்ட் இருக்கும் ஃப்யூஸ் லைன். நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக்கோடு ஹை, சிவப்புக்கோடு டிம். சிவப்பு பார்க் லைட். கறுப்பு எர்த். கோடு போட்ட வயர் எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைக்கவில்லை. மதுரைவரை போய் வாங்கி வந்தேன். பாதி நாள் வீணானது என்று அப்போது தோன்றியது. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் மழையில் நின்று இந்தக் கட்டைப் பிரிக்கும்போது அவருக்கு அந்த அரை நாள் திரும்பக் கிடைக்கும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. வயர் முனையில் ஈயம் பற்றவைப்பதா, உலோக முனையை வயர் மேல் அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் செய்வதா. அண்ணன் முப்பது வருடமாக ஈயம்தான். “கிரிம்ப் பண்ணா மூணு மாசத்துல கழண்டு வரும்” என்றார். அவர் பார்த்த கிரிம்ப் எல்லாம் கட்டிங் பிளேயரால் நசுக்கியது, அது கழலத்தான் செய்யும். ஈயத்தில் பிரச்சினை வேறு. உருகிய ஈயம் இழைகளுக்குள் உறிஞ்சிக்கொண்டு மேலுறைக்குள் கொஞ்ச தூரம் ஏறிவிடும். அந்த இடம்வரை வயர் கம்பிபோல விறைத்துவிடும். விறைப்பு முடிந்து இளக்கம் தொடங்கும் அந்த ஒரு புள்ளியில்தான் அதிர்வு முழுதும் போய் விழும். தார்ப்பாயில் கிடந்த பழைய கட்டில் அப்படி முறிந்த மூன்று முனைகளை எடுத்துக் காட்டினேன். மூன்றும் ஈயம் முடிந்த இடத்தில் முறிந்திருந்தன. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மூன்றில் ஒன்று அவரே எப்போதோ பற்றவைத்தது என்று அவர்தான் சொன்னார்.

நான் வாங்கி வைத்திருந்த ராட்செட் கிரிம்பிங் பிளேயரை அவரிடம் கொடுத்தேன். முழுதாக அழுத்தினால்தான் வாய் திறக்கும் வகை. ஒரு முனையை கிரிம்ப் செய்து, ஒரு காலால் வயரை மிதித்துக்கொண்டு பிளேயரால் பிடித்து இழுத்தார். வயர் நீண்டதே தவிர முனை வரவில்லை. அப்புறம் அவர் ஈயத்தை எடுக்கவில்லை. ஒவ்வொரு முனைக்கும் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் அது சுருங்கி, பசை உருகி ஓரத்தில் துளி துளியாகக் கசியும். அந்தக் கசிவைப் பார்த்தால்தான் ஈரம் புகாது என்று நம்பலாம்.

இப்போது எர்த். இந்த வேலையில் எனக்கு அதிகம் புரிந்ததும், வண்டி வைத்திருக்கிறவர்கள் குறைவாகக் கவனிப்பதும் இதைத்தான். பேட்டரியில் இருந்து கிளம்பும் கரண்ட் திரும்பி வந்தாக வேண்டும். போகிற பாதைக்குச் செம்பு வயரை இழுத்துவிட்டு, வருகிற பாதையைத் துருப்பிடித்த தகட்டிடமும் ஒரு மரை ஆணியிடமும் விட்டுவிடுகிறோம். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மின்னும் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின் லைட்டின் எர்த் போய்விட்டால், பிரேக் பல்பின் கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்துப் பல்பின் ஃபிலமென்ட் வழியாகச் சுற்றிப் போகிறது. அதுதான் அந்த மினுக்கு.

எஞ்சினுக்கு இது இன்னும் முக்கியம். எஞ்சின் சேஸிஸில் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்திருந்தால், செல்ஃப் அடிக்கும்போது ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹேண்ட்பிரேக் கேபிள் என்று எது உலோகமோ அதன் வழியாகப் போகும். எங்கள் ஆக்ஸிலேட்டர் கேபிள் இரண்டு வருடத்தில் மூன்று முறை இறுகிப்போனது. மூன்று முறையும் கேபிளை மாற்றினோம். பட்டை ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பேட்டரியில் இருந்து எஞ்சினுக்கு ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று, அங்கிருந்து பாடிக்கு ஒன்று என்று மூன்று தடித்த எர்த் போட்டோம். ஒவ்வொரு இடத்திலும் பெயின்ட்டை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். பின் லைட்டுகளுக்குத் தகட்டை நம்பாமல் கறுப்பு வயரே தனியாக முன்னால் இருந்து இழுத்தோம். அண்ணன் அதை வீண் செலவு என்றார். ஓடையில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது வீண் இல்லை என்பது என் எண்ணம். இன்றுவரை நாங்கள் இதில் ஒத்துப்போகவில்லை.

கட்டுவதற்கு ஒரு பழைய பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, பழைய கட்டின் வடிவத்தை அப்படியே எடுத்து, அதில் புது வயர்களை ஓடவிட்டோம். ஐந்து நாள் இதிலேயே போனது. எல்லாக் கிளைக்கும் ஒரு கைப்பிடி நீளம் அதிகமாக விட்டோம். இன்சுலேஷன் டேப்பை முழு நீளத்துக்குச் சுற்றவில்லை. சூட்டில் பசை இளகி அது கோந்தாகிவிடும், ஈரமும் உள்ளேயே தங்கும். பசையில்லாத ஹார்னஸ் டேப் சுற்றி, மடிப்பு மடிப்பான கறுப்பு பைப்புக்குள் விட்டோம். பைப்பின் மிகத் தாழ்வான இடத்தில் வாயைத் திறந்தே வைத்தோம், புகுந்த தண்ணீர் வடிந்து போகட்டும். சைலன்சர் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கச் சேஸிஸின் உள்ளோரமாக, அடிக்கொரு ரப்பர் வைத்த கிளாம்ப். தகட்டு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் புது கிராமெட். லைட்டுக்குள் நுழையும் முன் வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினோம். வயரோடு வழியும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

எலித் தொல்லைக்கு மட்டும் எனக்கு நல்ல தீர்வு தெரியவில்லை. எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தாக வேண்டும். பைப் இருப்பதால் கொஞ்சம் தாமதமாகும். ஷெட்டில் சாக்கும் தேங்காய் மட்டையும் போட்டு வைப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் பேட்டரி மாட்டும் நேரம். அண்ணன் செய்த சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பாசிட்டிவ்வை மாட்டினார். எர்த் கேபிளை மாட்டாமல், பேட்டரி நெகட்டிவ்வுக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைத்தார். எல்லா சுவிட்சும் ஆஃப். எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயர் எரியாது. பல்பு எரியவில்லை. பார்க் லைட் சுவிட்சைப் போட்டதும் மங்கலாகச் சிவந்தது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தபிறகுதான் பல்பை எடுத்துவிட்டு எர்த்தை முறுக்கினார். அவர் கை ஸ்பேனரில் இருந்தபோது அம்மா ஸ்டோர் வாசலில் நின்று வேண்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9. லைட்டு முனையில் 13.5. மீட்டரை அண்ணனிடம் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த ஸ்டோர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்திலேயே இரண்டு வட்டம் வெள்ளையாக விழுந்திருந்தது.

பொருளுக்கு மட்டும் 11,000 ரூபாய் ஆனது. அண்ணனின் கூலி தனி. அவர் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன், அவர் வாங்க மறுத்துப் பாதியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய கட்டில் இருந்த செம்பையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் ஸ்டோர் மூலையில் சாக்கில் கிடக்கிறது. ராஜகுமாரிப் பக்கம் ஜீப் ஓட்டும் ஒரு சேட்டன் வந்து, அந்த முறிந்த முனைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தங்கை எழுதிய தாளைப் படமெடுத்துக்கொண்டு போனார். தாளைப் பாலிதீன் உறையில் போட்டு டேஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஃப்யூஸ் எண்கள் மலையாளத்திலும் எழுதித் தர வேண்டும் என்று அவர் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே மறுபடி மழை பிடித்தது. மறுபடி இருட்டிவிட்டது. அதே ஐந்து பேர். நான்காவது வளைவு வந்தபோது யாரும் பேசவில்லை. பனிமூட்டம் இருந்தது, ஆனால் ஓரத்து வெள்ளைக்கோடு கடைசிவரை தெரிந்தது, தடுப்புச்சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டை தெரிந்தது. மூத்த அக்கா முன்பக்கம் குனிந்து, “தம்பி, இந்த ரோட்ல இவ்வளவு பெரிய மரம் இருக்கா?” என்று கேட்டார். நானும் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீசல் கேஜ் மட்டும் இன்னும் பாதியிலேயே நிற்கிறது. வயரில் குறை இல்லை, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டோம். டாங்கில் இருக்கும் மிதவையின் எர்த் ஆணி துருவாக இருக்கும் என்கிறார் அண்ணன். வருகிற ஞாயிற்றுக்கிழமை டாங்கை இறக்குகிறோம்.